தலையில் ஆறு கோடு

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் போல்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவளைவிட ஆறு வயது அதிகம். இருந்தும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிற ஒர்க்‌ஷாப் அவள் புருஷனுடையது. அதை ஒட்டிய தகரக் கொட்டகை என்னுடையது. நான் கார் சீட் தைப்பவன். இரண்டு கடைக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு உண்டு, அதை யாரும் மூடியதில்லை. அங்கே பிரிக்கிற கார்களுக்கு இங்கே சீட் தைப்பேன். அங்கே போடுகிற டீயில் எனக்கும் ஒரு கிளாஸ் வரும். இப்படிப் பதினோரு வருஷம் ஓடியது.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு போல்ட் தொழிற்சாலையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். பரிசோதனைப் பிரிவு. மேஜைமேல் போல்ட்டைக் கொட்டிவைத்து, நல்லது இந்தக் கூடை, சொத்தை அந்தக் கூடை என்று நாள் முழுக்கப் பிரிக்கிற வேலை. மரையில் கட்டைவிரல் நகத்தை ஒருமுறை ஓட்டினால் போதும், இன்ச் மரையா மில்லிமீட்டர் மரையா என்று சொல்லிவிடுவாள். சொன்ன பிறகும் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளப்பாள். நகம் பொய் சொல்லுமா என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"நகம் சொல்லாது அண்ணே. நான் சொல்லிடுவேன். அதுக்குத்தான் அளக்குறது" என்றாள்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை ஒரு முறைப்படிதான் நடக்கும். மெக்கானிக் அவள் புருஷன்தான், அவன் வண்டியைப் பிரிப்பான். கழற்றிய போல்ட்டுகள் எல்லாம், எங்கிருந்து கழற்றியது என்று எழுதிய அட்டையில் குத்தப்பட்டு, அக்காவின் மேஜைக்குப் போகும். மறுபடி போடலாம், போடக்கூடாது என்று அவள் பிரிப்பாள். போடக்கூடாததற்கு மாற்று தேடித் தருவாள். அவன் மாட்டுவான். பிரேக் போல்ட்டாக இருந்தால் மட்டும் அதோடு முடியாது. அவன் மாட்டியதும் அவள் வந்து அளவு காட்டுகிற ஸ்பேனரை வைத்து முறுக்குவாள். பிறகு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பாள். போல்ட் கொஞ்சம் நெகிழ்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். தொழிற்சாலையில் பழகியது. தன் நகத்துக்கு அவள் நெயில் பாலிஷ் போட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் மேஜை இழுப்பறையில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். வண்டி எடுக்க வருகிறவர்கள் பெயின்ட்டையா பார்ப்பார்கள்? முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார்கள்.

மெக்கானிக் லேசுப்பட்டவன் இல்லை. நல்ல கை அவனுக்கு. என்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு மக்கர் பண்ணுகிறது என்று சொல்வான். வாயும் அப்படியே, சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். வாசலில் தொங்குகிற போர்டில் அவன் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் வருகிறவன் எல்லாம் அந்தப் போர்டுக்குக் கீழேயே நின்று, போல்ட்டக்கா கடை எது என்று அவனிடமே கேட்பான். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே கை காட்டுவான். அந்தச் சிரிப்பை நான் பதினோரு வருஷமும் நம்பினேன். நம்பினவனைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் பல் டாக்டரின் வண்டி வந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய இரண்டு கதவு வண்டி. அவருடைய அப்பா ஓட்டியதாம். அப்பா போனபிறகு கோழிக் கொட்டகையில் கிடந்திருக்கிறது. சீட்டுக்குள்ளிருந்து நான் இறகாகவே ஒரு சாக்கு எடுத்தேன். டாக்டருக்கு அந்த வண்டிமேல் உயிர். பழைய கார்களுக்கான கண்காட்சி ஒன்று வருகிறது, அதில் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிவைத்து, உள்ளே பிரேக் எல்லாம் தெரிகிற மாதிரி நிறுத்தப்போகிறேன் என்றார். அவர் இருக்கிற சங்கத்தில் முப்பது பேரிடம் இந்த மாதிரி வண்டிகள் உண்டு, வேலை நன்றாக இருந்தால் எல்லாரும் இங்கேதான் வருவார்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் மெக்கானிக் முகத்தில் ஏற்பட்ட வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

முன்சக்கரங்களின் காலிப்பரைத்தான் முதலில் கழற்றினார்கள். காலிப்பர் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற இரும்புக் கவ்வி. ஒவ்வொன்றையும் இரண்டே போல்ட்டுகள்தான் வண்டியோடு பிடித்துவைத்திருக்கின்றன. நாம் பிரேக்கை மிதிக்கிறபோது வண்டியின் முழுப் பாரமும் அந்த இரண்டின்மேல் வந்து விழும். நான்கு போல்ட்டுகளையும் அக்கா கையில் வாங்கிப் பார்த்தாள். கழுத்தில் துரு தின்று இடுப்பு ஒடுங்கியிருந்தன. நான்கையும் ஒதுக்கினாள்.

மாற்று கிடைக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அது இன்ச் மரை, அதிலும் நெருக்கமாக வெட்டிய பொடி மரை. நீளம் கொஞ்சம் கூடினால் முனை சுழல்கிற தட்டில் உரசும், குறைந்தால் பிடிமானம் போதாது. போல்ட்டின் மரையில்லாத வழவழப்பான கழுத்து, இரண்டு இரும்பும் சேருகிற இடத்தைத் தாண்டி உட்கார வேண்டும். மரை வெட்டிய இடத்தில் பாரம் விழுந்தால் அங்கேதான் முதலில் அறும். இதெல்லாம் போக, தலையில் ஆறு கோடு இருக்க வேண்டும். கெட்டியான எஃகு என்பதற்கு அது அடையாளம். மூன்று கோடு என்றால் அதைவிட ஒரு படி கீழே. கோடே இல்லையென்றால் கதவுக்கும் ஜன்னலுக்கும் போட்டுக்கொள்ளலாம். அக்கா காலையில் சோறு வடித்துவிட்டு வந்து போனில் உட்கார்ந்தால் மதியம்வரை கடை கடையாகக் கேட்பாள். ஒரு கடைக்காரன் ஏறக்குறையச் சரியாக இருக்கும் என்று நாலு அனுப்பினான். ஏறக்குறைய என்று ஒரு சைஸ் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

கடைசியில் மூடப்போகிற ஒரு டிராக்டர் சாமான் கடையில், கிரீஸ் தாளில் சுற்றியபடி கிடைத்தது. கறுத்து, மங்கி, பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. தலையில் ஆறு கோடு இருந்தது. தேவை நான்குதான், அவள் ஐந்து வாங்கிவந்தாள். தலையில் கோடு போட்டுப் போலி விற்கிறார்களாம். ஐந்தில் ஒன்றை மேஜையோடு பூட்டிய இரும்பு இடுக்கியான வைஸில் கடிக்கவைத்து, பெரிய ஸ்பேனரைப் போட்டு, மெக்கானிக்கும் நானும் சேர்ந்து தொங்கினோம். அது அசையவில்லை, எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன்பிறகே மற்ற நான்கையும் அவள் அட்டையில் குத்தினாள்.

இதற்கு நடுவே டாக்டர் நான்கு போல்ட்டுகள் கொண்டுவந்தார். எவர்சில்வர். வெல்வெட் பையில் போட்டு, வைரத் தோடு கொண்டுவருகிற மாதிரி மேஜையில் வைத்தார். மரையும் நீளமும் சரியாகவே இருந்தன. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. கண்காட்சிக்கு இது எடுப்பாக இருக்கும், ஒருநாளும் துருப்பிடிக்காது என்றார். அக்கா எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"துரு பிடிக்காது டாக்டர், வாஸ்தவம். ஆனா இது மெத்து. பாரம் வந்தா இழுபடும். இழுபட்டு இழுபட்டு ஒருநாள் அறுந்துரும். கழுத்தும் இல்ல பாருங்க, தலைவரைக்கும் மரை. இது தண்ணித் தொட்டி மூடிக்குப் போடலாம். பிரேக்குக்குப் போடக்கூடாது."

"பாக்க நல்லா இருக்குமேன்னு பார்த்தேன்" என்றார் டாக்டர்.

"நீங்க பாக்குறப்ப வண்டி நிக்குது டாக்டர். ஓடுறப்ப நீங்க உள்ள இருப்பீங்க, போல்ட்ட யாரு பாக்கப்போறா?"

டாக்டர் சிரித்துவிட்டார். அக்கா சரி என்றால் போடுங்கள், அவங்க வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுப் போனார். வெல்வெட் பையை மறந்து வைத்துவிட்டார். மெக்கானிக், சரியாகச் சொன்னே, இந்தப் படிச்சவங்களே இப்படித்தான், மரை கழண்ட கேஸ் என்று அக்காவுக்கு ஒத்து ஊதினான். பையை எடுத்து அவன் தன் அலமாரியில் வைத்ததை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆறு கோட்டு போல்ட்டுகளை அவன் மாட்ட, அக்கா முறுக்கினாள். தட்டைக் கையால் சுழற்றிவிட்டு, எங்காவது உரசுகிறதா என்று காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். என் ரேடியோவை நிறுத்தச் சொன்னாள். நான்கு போல்ட்டுக்கும் கோடு இழுத்தாள். மறுநாள் காலையில் வெளியூர் ஆஸ்பத்திரியில் அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு நாளைக்குக் குழம்பு வைத்து, எதை முதலில் சுடவைப்பது என்று புருஷனுக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை. நான் டாக்டர் வண்டிக்குள் பின்சீட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். முதுகு வளைந்து, தலை தரையைப் பார்த்தபடி கிடந்தேன். வண்டியின் முன்பக்கம் தூக்கப்படுவது தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். மெக்கானிக் இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றியிருந்தான். அவன் பக்கத்தில் வெல்வெட் பை திறந்து கிடந்தது. கறுப்பு போல்ட் ஒவ்வொன்றாக வெளியே வந்தது, பளபளப்பு ஒவ்வொன்றாக உள்ளே போனது. பிறகு அவன் எழுந்து அக்காவின் மேஜைக்குப் போய், இழுப்பறையைத் திறந்து, நெயில் பாலிஷ் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே வந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, கை நடுங்காமல், அவள் இழுக்கிற மாதிரியே கோடு இழுத்தான்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டான். ஒரு கணம் அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் சிரித்தான்.

"ஒரு போட்டோவுக்குத்தான் அண்ணே. கண்காட்சி முடிஞ்சதும் நானே பழசை மாட்டிருவேன். அவகிட்ட சொன்னா வீட்ல சோறு தண்ணி நடக்காது. நம்மளுக்குள்ள இருக்கட்டும்."

புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே நமக்கென்ன வேலை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நான் எதையும் நினைக்கவில்லை. சீட்டின் கொக்கி மாட்டாமல் படுத்திக்கொண்டிருந்தது, அதில் திரும்பக் குனிந்துவிட்டேன்.

வெள்ளி காலை டாக்டர் வந்து வண்டியை எடுத்தார். குனிந்து பார்த்தவர், அக்கா இதற்குச் சம்மதித்துவிட்டாங்களா என்று ஆச்சரியமாகக் கேட்டார். மெக்கானிக், ஊருக்குப் போவதற்கு முன்னால் அவளேதான் மாற்றினாள், நீங்கள் ஆசைப்பட்டீர்களே என்று மனசு இளகிவிட்டது, கோடு போட்டிருக்கிறது பாருங்கள் என்றான். டாக்டர் கோட்டைப் பார்த்தார். அதற்குமேல் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் என் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். அக்கா அன்று சாயங்காலம்தான் திரும்பினாள்.

கண்காட்சிக்கு அந்த வண்டி போகவே இல்லை. பத்தாம் நாள், மழைவிட்ட ஒரு காலையில் டாக்டர் அதைச் சும்மா ஓட்டிப்பார்க்க எடுத்திருக்கிறார். ஆற்றுப்பாலத்துக்கு இறங்குகிற சரிவில் எதிரே ஒரு சைக்கிள் வர, பிரேக்கை அழுத்தியிருக்கிறார். வலதுபக்கம் ஒரு போல்ட் அறுந்து, காலிப்பர் இன்னொன்றில் தொங்கி, சக்கரத்துக்குள் சிக்கி, வண்டி பாலத்தின் சுவரில் போய் முட்டியது. சைக்கிள்காரன் தப்பித்தான். டாக்டருக்கு வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. பல் பிடுங்குகிற கை.

மறுநாள் அவருடைய தம்பி கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு கைக்குட்டையைப் பிரித்து அறுந்த போல்ட்டின் தலையை அக்காவின் மேஜையில் வைத்தார். எவர்சில்வர் தலை. அதன்மேல் பாதியாக சிவப்புக் கோடு.

"இது உங்க கோடுதானே?" என்று கேட்டார்.

அக்கா அதைத் தொடவில்லை. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். அவன் வாயைத் திறப்பான் என்று அவள் காத்திருந்தாள். நானும் நடுக்கதவில் கத்தரிக்கோலோடு நின்று அதற்குத்தான் காத்திருந்தேன். வாயைத் திறந்தான்.

"நீதானே புள்ள கடைசில சரின்னு சொன்னே? டாக்டர் ஆசைப்படுறாரு, போட்டுக்கலாம்னு. அம்மா ஆபரேஷன் நெனப்புல இருந்தே. மறந்துட்டே போல" என்றான். குரலில் அவ்வளவு கனிவு.

"நானா?" என்றாள் அக்கா.

"பரவால்ல விடு. யாருக்குத்தான் தப்பு நடக்கல" என்று சொல்லி அவள் தோளில் கை வைத்தான்.

நான் கண்ணால் கண்டவன். மூன்று அடி தூரத்தில் நின்றவன். என் வாயும் தைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அந்தத் தம்பி அக்காவை மேலும் கீழும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போல்ட்டை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். அவர் போனதும் அவள் கழித்த இரும்பைப் போட்டுவைக்கிற வாளியைத் தரையில் கவிழ்த்தாள். ஆறு கோட்டு போல்ட் நான்கும் உருண்டன. அவற்றின் தலையில் அவள் இழுத்த கோடு அப்படியே இருந்தது. அவள் புருஷனைத் திட்டவில்லை, அழவும் இல்லை. நான்கையும் பொறுக்கிச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நான்கு நாட்கள் அக்கா கடைக்கு வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தெரு அவள் பெயரைப் போட்டு மென்றது. டீக்கடையில் ஒருவன், பொம்பளைய பிரேக் வேலை பாக்கவிட்டா இதுதான் என்றான். அதே ஆள் போன மாதம் அவள் கோடு போடாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று அரைநாள் உட்கார்ந்திருந்தவன். வண்டி விட்டிருந்த இரண்டு பேர் வந்து, அக்கா பார்த்த போல்ட்டை எல்லாம் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று மெக்கானிக்கிடம் சொல்லிப் போனார்கள். அவனும் பெருந்தன்மையாகத் தலையாட்டினான். எனக்கு டீ வந்தது. நான் குடித்தேன். அந்த நான்கு நாளும் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனைப் பகைத்துக்கொண்டால் என் பிழைப்பில் பாதி போய்விடும். வேறு காரணம் கிடையாது, பூசி மெழுக நான் விரும்பவில்லை.

ஐந்தாம் நாள் காலை அக்கா என் கடைக்கு, தெருப்பக்க வாசல் வழியாக வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. வேலைக்கு வந்தவள் மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டர் வண்டிக்குப் பின்சீட்டு என்னிக்கி மாட்டுனீங்க அண்ணே?"

"வியாழக்கெழமை" என்றேன்.

"தெரியும். நான் போறப்ப சீட்டு இங்க இருந்துச்சு. வந்தப்ப இல்ல. அன்னிக்குப் பூரா நீங்க வண்டிக்குள்ளதான் இருந்திருப்பீங்க." மிஷின்மேல் கிடந்த நூல்கண்டை ஓரமாக நகர்த்தினாள். "அந்த மனுசன் சொல்லமாட்டாருன்னு அவரு கையத் துடைக்கிறப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்க வந்து சொல்லுவீங்கன்னு நாலு நாளா வாசலயே பாத்துட்டு இருந்தேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். நெயில் பாலிஷ் குலுக்கியதைச் சொன்னபோது மட்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போல்ட்டை மாற்றியதுகூட வேலைத் திமிர் என்று விட்டுவிடலாம், என் கையை எடுத்து என் கண்ணையே குத்தினானே என்றாள். பிறகு, இதை எனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம், டாக்டரிடம் வந்து சொல்லுங்கள் என்று எழுந்தாள்.

குடையில்லாமல் போனோம். டாக்டர் கூடத்தில் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா ரொட்டியைப் பாலில் தோய்த்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை.

"நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை வந்துட்டாரு. உங்க மேல புகார் குடுக்க வேண்டாம்னு கெஞ்சுனாரு. அழுதே போட்டாரு. அவ மனசு ஒடிஞ்சு கெடக்கா, தப்ப நான் ஏத்துக்கறேன்னு சொன்னாரு. இப்படி ஒரு மனுஷன் கெடைக்கிறது கஷ்டம்."

பொய் சொன்னதுகூடப் போகட்டும், அந்தப் பொய்யில் அவன் தனக்கென்று ஒரு பவிசு கட்டியிருந்தான். அக்கா சேலைத்தலைப்பை அவிழ்த்து நான்கு போல்ட்டையும் டாக்டரின் இடதுகைப் பக்கம் வைத்தாள். நான் முறுக்கிக் கோடு போட்டது இதுதான் டாக்டர் என்றாள். மீதியை நான் சொன்னேன். டாக்டர் ஒரு போல்ட்டை இடதுகையால் எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவர் அம்மா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார்.

"வெள்ளிக்கெழமை நான் வண்டி எடுக்க வந்தேனே. நீங்க அங்கதானே இருந்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். ஆறு மாதமாவது அந்தக் கையால் ஒன்றும் பிடிக்க முடியாது, அதன்பிறகும் நிச்சயமில்லை என்று வாசல்வரை வந்த அவர் அம்மா சொன்னார்.

திரும்பி வரும் வழியில், என் கடையில் பாதியை ஒழித்துத் தருகிறேன், மேஜையை அங்கே போட்டுக்கொள் அக்கா என்றேன். அவள் நடந்துகொண்டே பதில் சொன்னாள்.

"வேணாம் அண்ணே. நீங்க கெட்டவரு இல்ல. ஆனா பாத்துட்டுக் குனிஞ்சுக்கறவங்க பக்கத்துல உக்காந்து பிரேக் வேல பாக்க முடியாது."

அன்று மத்தியானமே மேஜையை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றினாள். மெக்கானிக் குறுக்கே வந்து நின்றான். முதலில் சிரித்துப் பார்த்தான். அப்புறம், கடை நிலைக்க வேண்டாமா, என் பெயர் கெட்டால் கடையே போய்விடுமே, உன் பெயர் கொஞ்சம் கெட்டாலும் நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன், நம் நல்லதுக்குத்தானே என்றான். அவன் அதை மெய்யாகவே நம்பிப் பேசினான். அக்கா கேட்டுக்கொண்டாள். தள்ளுவண்டிக்காரனிடம் வண்டியைத் தள்ளச் சொன்னாள். அவளுடைய அம்மா வீடு ஊரின் அந்தக் கோடியில் இருந்தது, அங்கே போய்விட்டாள்.

டாக்டர் சொல்லித் தெருவுக்குத் தெரிந்தது. மெக்கானிக்கிடம் வண்டி விடுவது குறைந்தது. போல்ட்டை அட்டையில் குத்திக்கொண்டு ஆட்கள் அந்தக் கோடிக்கு நடக்க ஆரம்பித்தார்கள். என்னோடு அவன் பேசுவதில்லை. நடுக்கதவுக்கு அவன் பக்கத்திலிருந்து தாழ்ப்பாள் வந்தது.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்தபிறகு ஒருநாள் அந்தத் தாழ்ப்பாள் திறந்தது. ரொட்டிக்காரரின் பழைய வேன் அவன் கடையில் நின்றது. விடிந்தால் எழுபது கடைக்கு ரொட்டி போடுகிற வேன். பிரேக்கைப் பிரித்தாயிற்று, போல்ட் தேய்ந்திருக்கிறது, அக்கா பார்த்துத் தராமல் மாட்டக்கூடாது என்று ரொட்டிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டாராம். அட்டையை என்னிடம் நீட்டினான். நீங்கள்தான் அவளிடம் கொண்டுபோக வேண்டும் என்றான். கொண்டுபோனேன். அவள் வாங்கி அளந்தாள். யாருடைய வண்டி, எவ்வளவு பாரம் ஏற்றுவார் என்று மட்டும் கேட்டாள். மூன்று நாள் கழித்து வரச்சொன்னாள்.

மூன்றாம் நாள் நான் கிளம்புவதற்குள் அவளே வந்துவிட்டாள். கையில் பை, பைக்குள் அவளுடைய ஸ்பேனர். அவளைத் தூரத்தில் கண்டதுமே அவன் உள்ளே ஓடி முகம் கழுவி, வேறு சட்டை மாட்டிக்கொண்டான். டீக்குப் பால் வாங்க ஓடினான். அவள் மேஜை இருந்த இடத்தில் கிடந்த டயர்களை இழுத்து ஓரம் கட்டினான். அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது, அதில் பொய் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவள் தரையில் சாக்கை விரித்து வேனுக்கு அடியில் போனாள். விளக்கைப் பிடிக்க அவன் கை நீட்டினான். அவள் அதை ஒரு கம்பியில் தானே கட்டித் தொங்கவிட்டாள். போல்ட் ஒவ்வொன்றையும் கையால் ஏற்றி, பிறகு முறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கேட்டாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவன் டீ கிளாஸோடு குந்தி உட்கார்ந்திருந்தான்.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வெயில்ல வந்தே? குடுத்தனுப்பியிருந்தா நான் மாட்ட மாட்டேனா?" என்று கேட்டான்.

அவள் வெளியே வந்து எழுந்து நின்றாள். சாக்கை உதறி மடித்தாள்.

"மாட்டுவீங்க. எதை மாட்டுவீங்கன்னுதான் எனக்குத் தெரியாது" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு, வேன் சாவியை ரொட்டிக்காரரிடம் தானே கொடுப்பதற்காக, அவள் பேக்கரிப் பக்கம் நடந்தாள்.